கரையில் யாரும் இல்லாத படம்

கண்ணா,

நீ கேட்ட ஆல்பம் என் எதிரே சாப்பாட்டு மேசைமேல்தான் இருக்கிறது. தூசி தட்டி, ஓரம் பிரிந்த இடத்தில் கோந்து தடவி, பழைய புடவைத் துண்டில் சுற்றியும் வைத்துவிட்டேன். அமெரிக்காவுக்கு எடுத்துப் போக வேண்டியவை என்று பெங்களூரிலிருந்து ஒரு பட்டியல் எழுதியிருந்தாயே, அதில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் மேலே முதல் வரியிலேயே ஆல்பம் இருந்தது. உங்கப்பா படித்துவிட்டு, "பாத்தியா, உன் பைத்தியம் அவனுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். நீயும் ஒரு கேமரா வாங்கிவிட்டாயாம். தெருமுனை டீக்கடையை வாராவாரம் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறாயாம். 'உன்னை மாதிரியே அம்மா' என்று எழுதியிருக்கிறாய். வேறொருத்தியாக இருந்தால் அந்த வரியை அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டியிருப்பாள். நான் கடிதத்தை மடித்து ஆல்பத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ அடுத்த வாரம் வந்து இதைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. எழுதத்தான் வருகிறது.

உன் மாமா மஸ்கட்டிலிருந்து முதல் முறை வந்தபோது எனக்கு அந்தக் கேமராவைக் கொடுத்தான். நீ அப்போது ஏழாவது. எல்லோரும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுப்பார்கள். எனக்கென்னவோ ஆட்களை நிற்க வைத்து, சிரி சிரி என்று கெஞ்சுவது பிடிக்கவில்லை. நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்து வைக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமையாவது பேசாத எதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று இருந்தது. அப்படித்தான் மாதத்தின் முதல் ஞாயிறு, நாலு இடம் என்று ஆரம்பித்தேன். மயிலாப்பூர் குளத்தின் வடக்குப் படிக்கட்டு, தி. நகரில் பனகல் பார்க் வாசல், அடையாறு பஸ் டெப்போவுக்கு எதிரே இருக்கும் முக்கு, கடைசியாக நம் கோட்டூர்புரம் பாலம். ஒரே இடம், ஒரே நேரம். எடுத்த நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வேன். படம் கழுவி வந்ததும் பின்னால் தேதி, நேரம், இடம். வெளியூர் டிரங்க் கால் சீட்டில் நேரம் போட்டுப் போட்டு வந்த புத்தி அது. உங்கப்பா முதுகைச் சொறியச் சொன்னால்கூட நேரம் பார்த்து எழுதிக்கொள்வாள் என்று கேலி செய்வாரே, ஞாபகம் இருக்கிறதா?

நீயும் கொஞ்ச வருஷம் கூட வந்தாய், பாவம். குளக்கரையில் மணிக்கணக்கில் நிற்க வைப்பேன். குளத்தில் ஒரு வருஷம் தண்ணீர் ததும்பும், ஒரு வருஷம் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே பூ விற்கிற அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னாம்மா, மாசாமாசம் வந்து புடிச்சிக்கினே கீறே, கொளம் இன்னா எழுந்து ஓடியா பூடும்?" என்று கேட்டதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் உன்னை முறைத்தேன். ஏனென்றால் நீ சிரித்த சத்தத்தில் நாலு பேர் கேமராவைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். என் சட்டம் உனக்குத் தெரியும். படத்தில் ஆட்கள் இருக்கலாம், ஆனால் என்னைப் பார்க்கக் கூடாது. யாராவது பார்த்தாலோ, பல்லைக் காட்டினாலோ, கை ஆட்டினாலோ அந்தப் படம் கெட்டுப்போன படம். ஆல்பத்துக்கு வராது. இடம்தான் எனக்கு முக்கியம், ஆள் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எத்தனை திமிர் பார்.

அந்தச் சட்டத்துக்கு அடங்காதது பாலம் ஒன்றுதான். ஏனென்றால் பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் இடது கரையில் முதல் குடிசை நம் வீட்டில் வேலை செய்த செல்வியுடையது. உனக்குச் செல்வியக்காவைப் பற்றி நான் என்ன சொல்ல? நீ டைபாய்டில் படுத்திருந்தபோது நான் லீவு கிடைக்காமல் வேலைக்குப் போக, உன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி புகட்டியவள் அவள். நான் பாலத்தில் நிற்பதைப் பார்த்தால் போதும், அவள் மகள் மாலா "எம்மோவ்!" என்று கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடி வரும். பின்னாலேயே செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். இரண்டு பேரும் கை ஆட்டுவார்கள். மாதம் தவறாது. சத்தம் போட்டாலும் கேட்காது, பாலத்தில் லாரி போகிற இரைச்சல். நானும் தலையில் அடித்துக்கொண்டு அதை ஒன்று எடுத்துவிட்டு, கேமராவை வலது பக்கம் திருப்பி, தண்ணீரும் மரமும் மட்டும் விழுகிற மாதிரி இன்னொன்று எடுப்பேன். அதுதான் ஆல்பத்துக்கு. கெட்டுப்போன படத்தைச் செல்வியிடமே கொடுத்துவிடுவேன். அவள் சோற்றுப் பருக்கையால் அதைக் குடிசையின் உள்சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். ஒருமுறை என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். பாவாடை கட்டிக்கொண்டு கை ஆட்டிய குழந்தை, அந்தச் சுவரிலேயே தாவணிக்கு வளர்ந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒளி அதிகமாகிவிட்டதே இந்தப் படத்தில் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நீ கோயம்புத்தூரில் கடைசிக்கு முந்தின வருஷம் படித்துக்கொண்டிருந்த அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. நம் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர் என்று உனக்கு எழுதியிருந்தேன். எழுதாதது இது. செல்வியின் குடிசை, அதை ஒட்டி இருந்த இருபது முப்பது குடிசை, எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன. அவர்கள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். தண்ணீர் வடிந்த நாள் முதல் ஞாயிறாக அமைந்தது. நான் பக்கத்து வீட்டு ஆளை அனுப்பி, பள்ளிக்கூடத்திலிருந்து செல்வியை வரச் சொன்னேன். நம் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்ட. வந்தாள். வீடு வாசல் எல்லாம் ஆற்றோடு விட்டவள், ஆறு மணிக்கே வந்து நம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். மழை விட்ட வெளிச்சம். கரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கூவ ஆள் இல்லை, கை ஆட்ட ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கரை முழுவதும் சுத்தமாகக் கிடைத்தது. ஆமாம், 'சுத்தமாக' என்றுதான் அப்போது நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். கையில் 7.15 என்று எழுதிக்கொண்டேன்.

தை முடிவதற்குள் அவர்கள் அதே இடத்தில் மறுபடி குடிசை போட்டுவிட்டார்கள். நம் குடியிருப்போர் சங்கத்துக்கு அது ஆகவில்லை. மூன்றாம் பிளாக்கில் இருக்கும் செயலாளர் சார், ரிடையரான இன்ஜினியர், ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். "உங்க ஆல்பத்தப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டேன் மேடம், கொஞ்சம் பாக்கலாமா?" என்றார். கேட்க வேண்டுமா? உங்கப்பாவோ நீயோ ஒருநாளும் அந்த ஆல்பத்தை முழுசாகப் புரட்டியதில்லை. இந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். பின்பக்கத்தில் தேதியும் நேரமும் இருப்பதைப் பார்த்து, "இது ஹாபி இல்ல மேடம், ரெக்கார்டு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் கரைப் படத்தைச் சங்கத்துக்காகக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா? எனக்கும் அந்தக் கொசுவும் நாற்றமும் போனால் தேவலை என்றுதான் இருந்தது. செல்வி எங்கே போவாள் என்பது மட்டும் அந்த நினைப்புக்குள் வரவே இல்லை. காபி டிகாக்‌ஷன் இறக்கிக் கொடுத்து, படத்தை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஆடி மாதம் கரையைக் காலி செய்ய அரசாங்க ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து கணக்கெடுத்தார்கள். போன பொங்கலுக்கு முன்னாலிருந்தே குடியிருக்கிறவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று இடம் உண்டு. பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கரை முகவரியில் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். செல்வியின் பெயர் இன்னும் சைதாப்பேட்டையில் மாமியார் கார்டில்தான் இருந்தது. அந்தக் கிழவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், மாற்றவே போகவில்லை. அவளைப் போல ஏழெட்டுக் குடும்பம். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்தவள், பாத்திரத்தில் கை வைக்காமல் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, ஆபீஸருங்கோ ஒரு போட்டோ வச்சிக்கினு கீறாங்கோ. கரையில ஒரு வூடு கூட இல்லாத போட்டோ. பின்னால தேதி எழுதிக்கீதாம். பொங்கலுக்கு முன்னால இங்க ஒர்த்தருமே இல்ல, நீங்கல்லாம் நேத்து வந்தவங்கோன்றாங்கோ. யாரோ குட்த்துகிறாங்கோமா அத."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்குகிற மாதிரி இருந்தது, இறக்கி வைத்தேன். "அப்படியா?" என்றேன். "பாக்கலாம் செல்வி, ஏதாவது வழி இருக்கும்" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் திரும்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு கரையையே மறைத்தேன்.

அவள் கை ஆட்டிய படங்கள் சுவரோடு ஆற்றில் போயின. ஆனால் நெகடிவ் எல்லாம் நம் பீரோவில், என் புடவைக்கு அடியில், பத்திரமாக இருந்தன. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் பன்னிரண்டு நாள் ஓட்டினேன். படம் என்னுடையது என்று செல்விக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு பயம், சங்கத்தில் முகம் கொடுக்க முடியாதே என்று ஒரு பயம். உங்கப்பாவிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு ஊர் வம்பு? கம்முனு இரு" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பதின்மூன்றாம் நாள்தான் மனசு கேட்காமல், வெள்ளத்துக்கு முந்தின ஆனி மாதத்து நெகடிவ் ஒன்றைத் தேடி எடுத்து, லஸ்ஸில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். மாலா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் தேதி எழுதினேன். அந்த ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பைலிலிருந்து என் பழைய படத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. இது இப்பதான் பிரிண்ட் போட்டது. மையே இன்னும் காயல. இத எப்ப எடுத்தீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

இரண்டும் என் கையெழுத்துதான். ஒன்றை வேதம் மாதிரி நம்பினார்கள், இன்னொன்றைத் தொடவே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை கெட்டவர் இல்லை, கண்ணா. எனக்கு ஒரு வழி விட்டார். "உங்களுக்கு அந்தம்மாவத் தெரியுமா? தெரியும்னா உங்க பேர்ல ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நீங்க கவர்மெண்ட் வேலையில இருக்கறவங்க, நான் எடுத்துப்பேன். லிஸ்ட் வெள்ளிக்கிழம போகுது" என்றார். வெள்ளைத் தாளையும் என் பக்கம் தள்ளினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன், பார். படமே வேண்டியிருக்கவில்லை. என் வாய்ச் சொல் போதுமாக இருந்தது. ஆனால் எழுதினால் எதையெல்லாம் எழுத வேண்டும்? அந்த ஞாயிறு 7.15க்கு இந்தப் பெண் எங்கே இருந்தாள் என்று எழுத வேண்டும். சங்கம் கொடுத்த சாட்சிக்கு எதிராக அதே ஆள் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷமாகச் சம்பாதிக்கிறவள், சம்பளப் பட்டியலில் தனியாகக் கையெழுத்துப் போடுகிறவள், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்றேன். நம்மைப் போன்ற பெண்கள் எதிலிருந்து தப்பிக்க வேண்டுமானாலும் சொல்கிற வார்த்தை. வீட்டில் நான் கேட்கவே இல்லை. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் இருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இல்லாதவர்கள் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். செல்வி வேலைக்கு வருவது நின்றது. நீ பரீட்சை முடிந்து வந்ததும், மாலாவுக்கென்று எடுத்து வைத்திருந்த பிளஸ் டூ புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "செல்வியக்கா எங்கம்மா?" என்று கேட்டாய். "வேற எங்கயோ நல்ல வேலை கெடச்சுப் போயிட்டாடா" என்றேன். அது பச்சைப் பொய். அதன் பிறகு நான் பாலத்துக்குக் கேமராவோடு போகவில்லை. குளத்துக்கும் பார்க்குக்கும்கூடப் போகவில்லை. முட்டி வலி என்று உன்னிடம் சொன்னது இன்னொரு பொய்.

உன் கடிதம் வந்த மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளைத் தேடிப் போனேன். பள்ளிக்கரணைக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறி, அப்புறம் வெயிலில் நடை. பட்டியலில் இருந்தவர்களுக்குக் கொடுத்த மனைகளுக்கும் பின்னால், சதுப்பு ஓரத்தில், வாடகைக் குடிசை ஒன்றில் இருக்கிறாள். குப்பை எரிகிற புகை கண்ணைக் கரித்தது. ஆள் பாதியாகிவிட்டாள். முதுகு வளைந்திருக்கிறது. மாலா பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டாள். அங்கிருந்து மயிலாப்பூர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாதம் போய்ப் பார்த்தாளாம், பஸ் கிடைக்காமல் விட்டுவிட்டாளாம். இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணிக்குப் பிசிர் வெட்டுகிறாள். நான் போனபோது உடம்பு சரியில்லை என்று வீட்டில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து பின்பக்கம் போனவள், நான் கிளம்பும் வரை வரவில்லை.

செல்வி பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே கொட்டித் தீர்த்தேன். படம் என்னுடையது, நான்தான் கொடுத்தேன், ஆபீஸர் கையெழுத்துக் கேட்டார், நான் போடவில்லை, எல்லாவற்றையும். அழுதேனா என்று கேட்காதே, அழுதேன். அவள் அழவில்லை. கோபப்படுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. ஏதோ ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தெரியும்மா. போட்டோவத் திருப்பிக் காட்டினாங்கோ இல்ல? எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா உன் எழுத்து தெரியாதா? ஒம்பது வருசமா உன் வூட்டு காலண்டர்ல பாத்துக்கினு கீறேன். தெரிஞ்சிதான் உன்னாண்ட வந்தேன். நீயே சொல்லுவே, சொல்லிட்டு எதுனா பண்ணுவேன்னு அடுப்பாண்ட எவ்ளோ நேரம் நின்னேன். நீ காபி போட்டுக் குட்த்தே. குடிச்சிட்டு பூட்டேன்."

எனக்கு அந்தக் காபி ஞாபகமே இல்லை, கண்ணா.

நீ வந்ததும் அவளைப் பார்க்க ஓடுவாய், எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதையாவது சரி செய்துவிடலாம் என்ற நினைப்போடு போகாதே. விசாரித்துவிட்டேன். அந்தப் பட்டியலை இனி யாரும் திறக்கப் போவதில்லை. மாலாவின் வருஷங்களையும் யாரும் திருப்பித் தரப் போவதில்லை. எனக்கு ஆறுதலாக ஒரு வரியும் எழுதாதே, அதைத் தாங்க முடியாது. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போ. இன்றைக்குக் காலையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அன்றைக்கு அந்த அதிகாரியின் எதிரே எழுதியிருக்க வேண்டியதை எழுதிப் பார்த்தேன். "செல்வி என்பவரை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். படம் எடுத்த அன்று காலை அவர் என் வீட்டில் இருந்தார்." இரண்டே வரி. எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரம் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மா